அழகர்சாமியின் முத்துகளைத் தேடிப் படிக்க ஓர் இடம்

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 'ஈபிரிண்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு மின்காப்பகம் நடத்துகிறது. 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள், தொகுப்பு நூல்கள், பயிற்சிக் கையேடுகள், செய்தி இதழ்கள் ஆகியவற்றை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். படிக்கப் பணம் கேட்பதில்லை, பெயர் பதியவும் சொல்வதில்லை. பழைய கட்டுரைகளில் பெரும்பாலானவை முழுக் கோப்பாகவே கைப்பேசியில் இறங்கிவிடுகின்றன. கடைகளுக்கும் உணவகங்களுக்கும் மதிப்புரை எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் நடக்கும் இந்தச் சேவைக்கும் ஒருவர் எழுத வேண்டும் என்று தோன்றியது. மும்பையில் முத்து கோக்கும் வேலை செய்கிற எனக்கு இது பெரிய உதவியாக இருந்திருக்கிறது.

நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி செம்பூருக்கு வந்தபோது கையில் விலங்கியல் பட்டம் இருந்தது. இப்போது ஹார்பர் லைன் ரயிலில் மஸ்ஜித் நிலையத்தில் இறங்கி, ஜவேரி பஜாரில் ஒரு முத்து வியாபாரியின் கடைக்கு வேலைக்குப் போகிறேன். வந்த சரக்கை நிறம், உருட்சி, ஒளி பார்த்துப் பிரிப்பதும், முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுப் பட்டு நூலில் கோப்பதும் என் பொறுப்பு. கோப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முத்தின் துளையையும் உருப்பெருக்கியால் பார்ப்பேன். கரு வைத்து வளர்த்த முத்தாக இருந்தால் துளையின் உட்சுவரில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். கோட்டுக்கு உள்ளே இருப்பது கிளிஞ்சலைக் கடைந்து செய்த மணி. வெளியே இருப்பது சிப்பி சுரந்த முத்துப்பூச்சு. பூச்சு எவ்வளவு தடிமன், நூல் உரசி உரசிச் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடுமா, பேத்தி காலம் வரை தாங்குமா என்பதையெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மாட்டுங்காவிலிருந்தும் சயானிலிருந்தும் கல்யாண நகைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "தூத்துக்குடி முத்து இருக்கிறதா?" கடையில் இருப்பது சீனத்து நன்னீர் முத்து, ஜப்பானிய அகோயா, தென்கடல் முத்து. பழைய நகையைப் பிரிக்கும்போது பஸ்ரா முத்து வரும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? எங்கள் கடையில் கணக்கு எழுதும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். "வளர்ப்பு முத்தெல்லாம் ஜப்பான்காரன் வித்தை அம்மா, நம் பக்கத்தில் யார் செய்தார்கள்?" என்றார். செய்திருக்கிறார்கள் என்று கல்லூரியில் படித்த ஞாபகம் எனக்கு. யார், எப்போது, எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடித்தான் இந்தக் காப்பகத்துக்குள் போனேன்.

உள்ளே ஆண்டுவாரியாகத் தேடலாம், பொருள்வாரியாகத் தேடலாம், எழுதியவர் பெயரைக் கொண்டும் தேடலாம். பெயரைக் கொண்டு போவதுதான் சிறந்த வழி என்பேன். பொருள்வாரியாகப் போனால் கட்டுரைகள் கிடைக்கும். பெயர்வழியே போனால் ஒரு மனிதரின் உழைப்பு ஆதியோடந்தமாகக் கிடைக்கும். நான் தேடிய கேள்விக்கு விடை, அந்த நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி என்ற பெயருக்குக் கீழே இருந்தது.

1966-இல் மண்டபம் கடற்கரையைப் பற்றி ஒரு கட்டுரை. அலை வந்து போகும் மணலுக்குள் புதைந்து வாழும் சின்ன மட்டி ஒன்றின் வாழ்வியலை இருபது பக்கம் எழுதியிருக்கிறார். யாரும் விலை கேட்காத ஓர் உயிர் அது. சிப்பியினத்தின் உடம்பை இவ்வளவு பொறுமையாகப் படித்த கை பிறகு முத்துச்சிப்பிக்கு வந்தது என்பதைப் பட்டியலைக் கீழிருந்து மேலே படித்தால்தான் உணர முடிகிறது.

1973-இல் அப்போதைய இயக்குநர் எஸ். இசட். காசிமுடன் சேர்ந்து, இந்தியாவில் முத்து வளர்ப்புக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு கட்டுரை. பிற்காலத்தில் இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணக் குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் இதே காசிம்தான். ஜப்பானியர்கள் தங்கள் முத்துத் தொழில்நுட்பத்தை வெளியாருக்குச் சொல்லிக்கொடுக்காமல் காத்துவந்த காலம் அது. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1972-இல் வேலை தொடங்கியது. 1973 ஜூலையில் மன்னார் வளைகுடாச் சிப்பியிலிருந்து உருண்டை முத்து வந்துவிட்டது. அதற்கடுத்த ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அழகர்சாமி அதை அறிவித்தார். மொத்தம் மூன்றே பக்கம். அண்ணாச்சிக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தவர், வேப்பலோடை உப்பளம் தனக்குத் தெரியும் என்றும், இப்படி ஒன்று அங்கே நடந்தது தெரியாது என்றும் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1984-இல் அவர் எஸ். தர்மராஜுடன் சேர்ந்து எழுதிய செய்முறைக் கையேடு. சிப்பியில் முத்து எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவரைப் போல அறிந்துகொள்ளலாம். முதலில் மென்தாலைக் கொண்டு சிப்பியை மயக்குகிறார்கள். இறுக மூடிக்கொள்ளும் ஓடு தளர்ந்து திறக்கிறது. இன்னொரு சிப்பியின் போர்வைத் தசையிலிருந்து, அதாவது ஓட்டின் உட்பக்கத்துக்குப் பளபளப்பைச் சுரக்கும் அந்த மெல்லிய சவ்விலிருந்து, சிறு சதுரமாக ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். மயங்கிய சிப்பியின் பாதத்தின் அடியில் ஒரு கீறல். அதன் வழியாக இனப்பெருக்க உறுப்புக்குள் ஒரு பாதை. அந்தப் பாதையில் தசைத்துண்டும் கிளிஞ்சல் மணியும் போகின்றன. துண்டின் வெளிப்பக்கம் மணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாமல் விட்டாலோ, பக்கம் மாறினாலோ எல்லாம் வீண். சரியாக அமைந்தால் அந்தத் துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பை போல மூடிக்கொண்டு, அடுக்கடுக்காக முத்துப்பொருளைச் சுரக்கிறது.

உருப்பெருக்கியில் நான் பார்க்கும் கோடு இந்தப் பை வேலையைத் தொடங்கிய இடம். இத்தனை வருடம் கோட்டைப் பார்த்துப் பார்த்து விலை சொன்னேன். அது எப்படி வந்தது என்பதை இந்தக் கையேட்டில்தான் முறையாகப் படித்தேன். 1987-இல் வெளிவந்த முத்து வளர்ப்புத் தொகுப்பில் தரத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதும் என் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஜப்பானில் குளிர்காலத்தில் நீர் குளிர்ந்து சிப்பியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். நம் கடல் வருடம் முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் பூச்சு விரைவாக ஏறுகிறது. விரைவு ஒரு நன்மை. ஆனால் குளிரில் மெதுவாகப் படியும் மெல்லிய அடுக்குகளுக்குத்தான் கூடுதல் ஒளி. அதனால்தான் ஜப்பானியர்கள் குளிர்காலத்தில் அறுவடை செய்கிறார்கள். இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு வாடிக்கையாளரிடம் நான் பேசும் விதமே மாறிவிட்டது. "அகோயாவுக்கு ஏன் இந்த விலை?" என்று கேட்பவருக்கு இப்போது காரணத்தோடு பதில் சொல்ல முடிகிறது.

1976-இல் ஏ. செல்லத்துடன் சேர்ந்து எழுதிய கட்டுரையை எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உலகத்துக்கு வெற்றியை அறிவித்துவிட்ட ஒருவர், அதே வேப்பலோடைப் பண்ணையில் சிப்பிகள் எதனால் சாகின்றன என்று எழுதிய கட்டுரை அது. ஓட்டின் மேல் கொட்டலசு என்ற ஒட்டுயிரி படிகிறது, ஓட்டைத் துளைத்துக்கொண்டு கடற்பஞ்சும் புழுக்களும் உள்ளே போகின்றன, சிப்பிகள் மடிகின்றன. எவை படிந்தன, எவை துளைத்தன, எவ்வளவு இழப்பு என்று ஒன்றுவிடாமல் பதிவு செய்திருக்கிறார்கள். பாராட்டு குவிந்துகொண்டிருக்கும் நேரத்தில் தன் பண்ணையின் சாவுக் கணக்கை அச்சில் கொண்டுவருவதற்கு நேர்மை வேண்டும். பின்னால் அந்தத் தொழிலில் இறங்குகிற எவருக்கும் வெற்றி அறிவிப்பைவிட இந்தக் கட்டுரைதான் காசைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கும்.

கடலடியில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளான இயற்கைப் பார்களை நம்ப முடியாது என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். தோலாயிரம் பாரில் ஒரு வருடம் சிப்பி கொட்டிக் கிடக்கும். பிறகு பல வருடம் ஒன்றும் இருக்காது. பண்ணைக்குச் சிப்பிக்குஞ்சு எங்கிருந்து வரும்? அதற்கும் அவருடைய குழுவே வழி கண்டது. 1981-இல் தூத்துக்குடி ஆய்வகத்தில் சிப்பியை இனப்பெருக்கம் செய்யவைத்து, இளவுயிரிகளுக்கு ஒற்றைச்செல் பாசியை ஊட்டி, குஞ்சு பொரிப்பகத்திலேயே சிப்பி வளர்த்துக் காட்டினார்கள். அந்தமான் நிக்கோபாரில் கருமுத்து தரும் கருவிளிம்புச் சிப்பிக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று அவர் எழுதியதும் 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் கிடைக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மன்னார் வளைகுடாவில் முத்து வளர்ப்பு பெரிய தொழிலாக எழவில்லை. எங்கள் கடையில் தூத்துக்குடி முத்து இல்லாததற்கு அதுவே காரணம். நம் சிப்பி சிறியது, அதனால் முத்தும் சிறியது. சீனத்து நன்னீர் முத்து மலிவாக வந்து சந்தையை நிரப்பிவிட்டது. இதை வைத்து அந்த ஆய்வு வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தியச் சிப்பியில் இந்தியர் கையால் முத்து வரும் என்று நிரூபித்து, எப்படி என்று எழுதியும் வைத்துவிட்டார். அதை எடுத்து நடத்துவது மற்றவர்கள் வேலை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வெர்சோவாவில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தில் படிக்கிறாள். நான் அழகர்சாமியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதைக் கேட்டுவிட்டு, "அத்தை, இந்தக் காலத்தில் ஒரு விஞ்ஞானியின் மதிப்பை எச்-இண்டெக்ஸ் வைத்துத்தான் பார்ப்பார்கள்" என்றாள். என்ன அது என்று கேட்டேன். ஒருவருடைய பத்துக் கட்டுரைகளை ஒவ்வொன்றையும் குறைந்தது பத்துப் பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எண் பத்து. இருபது கட்டுரைகளை இருபது இருபது பேர் என்றால் இருபது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்காம். எளிமையான கணக்குத்தான், வேலை தேடும் இளைஞர்களுக்கு அது தேவைப்படுகிறது என்பதும் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கில் இடம்பெறுவது பெரும்பாலும் இதழ்க் கட்டுரைகள். 1984 கையேட்டைப் படித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர் அதை எந்த இதழிலும் மேற்கோள் காட்டப் போவதில்லை. மீன்வளத்துறை ஊழியர் ஒருவர் பயிற்சிக்கு வந்து, கீறல் போடக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினால் அதற்கு மேற்கோள் எண்ணிக்கை ஏது? இந்தக் காப்பகத்தில் கையேடும் செய்திமடலும் ஆய்வுக் கட்டுரைக்குச் சமமாக ஒரே பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. இந்தச் சேவையின் மிகப் பெரிய நன்மையாக நான் கருதுவது அதைத்தான். ஒரு கோப்பு எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்று பார்க்கவும் வழி இருக்கிறது.

காப்பகத்துக்கு வெளியே போய் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். அழகர்சாமி பின்னர் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் இயக்குநரானார். இறால் பண்ணைகள் கடலோர வயல்களை விழுங்கிக்கொண்டிருந்த 1990-களில், காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகளுக்கு அந்த வழக்கு நன்றாக நினைவிருக்கும். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, இறால் வளர்ப்பு முறைகளை விளக்குவதற்கு அழகர்சாமி எழுதியதைப் பெயர் சொல்லி எடுத்தாள்கிறது. பாரம்பரிய முறை, மேம்படுத்திய பாரம்பரிய முறை என்று தொடங்கித் தீவிர முறை வரை போகும் அந்தப் பிரிவினை வெறும் பாடப்புத்தகச் சங்கதி இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்றச் சொன்ன தீர்ப்பு, பாரம்பரிய முறைக்கும் மேம்படுத்திய பாரம்பரிய முறைக்கும் விலக்கு அளித்தது. ஒரு குளம் எந்த வகை என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் பிழைப்பு நின்றது. ஒரு விஞ்ஞானியின் எழுத்து இதைவிட ஆழமாக எங்கே போய் வேலை செய்ய முடியும்?

சேவைக்குத் திரும்புகிறேன். பழைய கட்டுரைகள் அச்சுப் பக்கத்தைப் படமெடுத்துச் சேர்த்தவை. கைப்பேசியில் விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும், அட்டவணைகளுக்குக் கணினித் திரை நல்லது. நான் வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டு ரயிலில் படிக்கிறேன். குர்லா தாண்டி உட்கார இடம் கிடைத்தால் மஸ்ஜித் வருவதற்குள் ஐந்தாறு பக்கம் ஓடிவிடும். தேடும்போது தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்துத் தட்டச்சு செய்யுங்கள். முத்துச்சிப்பியை 'பிங்க்டாடா ஃபுகாடா' என்ற அறிவியல் பெயரால் தேடினால் பொதுப்பெயரில் அகப்படாத கட்டுரைகளும் வந்து விழும். அண்மைக் காலக் கட்டுரைகளில் சில வெளிநாட்டுப் பதிப்பகங்களின் உரிமையில் இருப்பதால் சுருக்கம் மட்டும்தான் படிக்கக் கிடைக்கும். அப்படி ஒரு கட்டுரைக்காக ஒரு பதிப்பகத்தின் தளத்துக்குப் போனேன். அவர்கள் கேட்ட தொகைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்து மீன் வாங்கலாம். மூடிவிட்டு வந்துவிட்டேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு இலவசமாகத் திறந்து வைத்திருப்பதன் அருமை இன்னும் கூடிவிட்டது.

முத்தில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் அங்கே நிறைய இருக்கிறது. சாளை மீன் சாப்பிடுகிறவர்கள் சென்னையிலிருந்து ஆய்வு செய்த இ. விவேகானந்தனின் கட்டுரைகளைத் தேடிப் பாருங்கள். மலபார்க் கரைக்கே உரியது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட நெய்ச்சாளை, கடல் சூடேறச் சூடேற வடக்கேயும் கிழக்குக் கரையிலும் பரவியதை ஆண்டுக்கணக்கான பிடிப்பு விவரங்களோடு காட்டியவர்களில் அவர் ஒருவர். அதற்கு முன்பே 2005-இல், நம் கரையோரங்களில் மீன்பிடிப்பு பெரிய வேட்டை மீன்களிலிருந்து சிறியவற்றை நோக்கி எப்படி இறங்குகிறது என்று சகாக்களோடு எழுதியிருக்கிறார். செம்பூர் சந்தையில் வஞ்சிரம் ஏன் இந்த விலை விற்கிறது என்று யோசிக்கிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரைப் புள்ளியைப் பிடித்து வைத்திருப்பது மொழிக்காக. அங்குள்ளவற்றில் மிகப் பெரும்பகுதி ஆங்கிலம். விலங்கியல் படித்த எனக்கே சில பத்திகளை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. சங்கு குளித்துப் பிழைக்கும் என் பெரியப்பா பிள்ளைகளுக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. அவர்கள் கடலில், அவர்கள் சிப்பியில் நடந்த வேலை அது.

புதிதாகப் போகிறவர்கள் 1984 கையேட்டில் தொடங்குங்கள். படங்கள் இருப்பதால் பயமுறுத்தாது. அடுத்து 1976 சாவுக் கட்டுரை, பிறகு 1987 தொகுப்பு. 1966 மட்டிக் கட்டுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டைத் தமிழில் கொண்டுவர ஆசிரியர்களோ மாணவர்களோ யாராவது முன்வந்தால், உரிய அனுமதி வாங்குவதிலிருந்து துணை நிற்கிறேன். தொழில் சொற்களுக்கு ஜவேரி பஜாரில் நானும் அண்ணாச்சியும் இருக்கிறோம், கடல் சொற்களுக்குத் திரேஸ்புரத்தில் ஆள் இருக்கிறார்கள்.